ஐந்தருவியும் யூனிக்ஸ் வட்டும்

குற்றாலத்துச் சாரலைப் பற்றிய பேச்சு என்று எண்ணி வானொலிப் பெட்டியைத் திருப்பியவர்கள் சற்றே ஏமாந்து போவார்கள். நான் பேசப் போவது கணிப்பொறியைப் பற்றி. அதிலும், பலர் ஒரே காலத்தில் புழங்கும் யூனிக்ஸ் கணிப்பொறியில் வட்டை எவ்வாறு பங்கிட்டு வைப்பது என்பதைப் பற்றி. ஆனால் அதற்கு முன் ஐந்தருவிக்கு ஒரு முறை போய் வருவோம். என் பேச்சுக்கு அந்த இடம் தேவைப்படுகிறது.

மலைமேல் ஒன்றாக வரும் நீர் பாறை விளிம்பில் பிரிந்து ஐந்து கிளைகளாகக் கீழே விழுகிறது. சாரல் காலத்தில் அங்கே கூடும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆண்கள் ஒரு புறம், பெண்கள் ஒரு புறம் என்று வகுத்திருக்கிறார்கள். ஆண்கள் பக்கம் எவ்வளவு நெரிசல் ஏற்பட்டாலும் பெண்கள் பக்கத்தில் ஒருவர்கூட இடிபடுவதில்லை. இது பிரிவினையால் வந்த நன்மை. ஆயினும் ஒரே அருவிக்குக் கீழே நடப்பது வேறு கதை. நட்ட நடுவில், நீர் கொட்டும் இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார் ஒருவர். பின்னால் நாற்பது பேர் குளிரில் நடுங்கிக்கொண்டு காத்திருப்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் நகரமாட்டார். அவரை நகர்த்தக் காவலர் ஒருவர் விசில் ஊத வேண்டியிருக்கிறது. பிரிவினை ஒன்று, காவலர் ஒன்று. இரண்டும் வெவ்வேறு காரியங்களுக்காக ஏற்பட்டவை. இதை மறந்துபோன ஒருவன் ஒரு கல்லூரியில் என்ன பாடு பட்டான் என்பதைச் சொல்லத்தான் வந்தேன். அந்த ஒருவன் நானே.

யூனிக்ஸ் என்பது கணிப்பொறியை நடத்தும் ஓர் இயக்க முறைமை. 1969ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்ஸன், டெனிஸ் ரிச்சி முதலியோர் இதை உருவாக்கத் தொடங்கினர். ஒரே பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறப்பிலேயே இருந்தது. இன்று நம்மிடையே பெருவழக்காக உள்ள லினக்ஸ் அதன் வழியைப் பின்பற்றி 1991இல் பிறந்தது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011ஆம் ஆண்டு முதல் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்கி வருகிறது. ஆகையால் இத்தகைய பொறிகளைப் பராமரிக்கும் வேலை, சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் கிடைக்கும் என்று இந்த வட்டாரத்து மாணவர்கள் இனி எண்ணத் தேவையில்லை.

யூனிக்ஸில் கோப்புகள் யாவும் ஒரே மரத்தின் கிளைகளில் தொங்குகின்றன. அந்த மரத்தின் வேருக்கு ‘ரூட்’ என்று பெயர். வட்டைப் பல பிரிவுகளாகப் பிரித்தாலும் மரம் ஒன்றுதான். ஒவ்வொரு பிரிவையும் மரத்தின் ஏதேனும் ஒரு கணுவில் ஒட்டுக்கட்டிவிடுவார்கள். ஒட்டு மாமரத்தில் இலையையும் காயையும் பார்ப்பவனுக்கு ஒட்டுப் போட்ட இடம் தெரியாதல்லவா? அதுபோலவே, பயன்படுத்துபவனுக்குத் தன் கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. தெரிந்திருக்க வேண்டியவன் பராமரிப்பவன்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்கு அந்தப் பொறுப்பு வந்தது. அறுபது மாணவர்கள் புழங்கும் ஒரு லினக்ஸ் பொறி. அதில் 80 ஜிகாபைட் கொண்ட ஒரே வட்டு. நிறுவும்போது, ‘வட்டைப் பிரிக்க வேண்டுமா?’ என்று பொறி என்னைக் கேட்டது. பிரித்தால் எதற்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். அன்றைக்கு மாலை ஆகிவிட்டிருந்தது. ‘எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும்’ என்று விடை கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன். ஓர் ஆண்டுக் காலம் அதனால் எந்தத் தீங்கும் நேரவில்லை. இத்தகைய தவறுகளின் குணமே அதுதான்.

ஓர் ஆனி மாதத்து மாலையில், இளங்கலை மாணவன் ஒருவன் தான் எழுதிய நிரலை ஓடவிட்டுவிட்டு, நண்பர்களோடு குற்றாலத்துக்குப் பேருந்து ஏறிவிட்டான். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த நேரம்; அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய நிரலில், நிற்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் நிபந்தனை தவறாக எழுதப்பட்டிருந்தது. ஆகவே அது நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரியைக் கோப்பில் எழுதிக்கொண்டே இருந்தது. இரவு முழுவதும் எழுதிற்று.

விடியற்காலையில் முதுகலை மாணவி ஒருத்தி வந்து அமர்ந்தாள். பட்டத்துக்கான ஆய்வேட்டில் நாற்பது பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். அன்று இரண்டு சொற்களைத் திருத்தினாள்; சேமிக்கும்படி கட்டளையிட்டாள். அவள் பயன்படுத்திய தொகுப்பு நிரல், முதலில் பழைய கோப்பை வெறுமையாக்கிவிட்டு, பிறகு அதே பெயரில் புதியதை எழுதும் பழக்கமுடையது. வெறுமையாக்குவதற்கு இடம் தேவையில்லை; அது நிறைவேறிவிட்டது. எழுதுவதற்கு இடம் தேவை, அது இல்லை. ‘வட்டில் இடமில்லை’ என்ற செய்தி திரையில் தோன்றியது. பதறிப்போய்ப் பொறியை விட்டு வெளியேறி மீண்டும் நுழைந்து பார்த்தாள். கோப்பின் பெயர் இருந்தது. அதன் அளவு பூஜ்யம்.

நான் வந்து சேர்ந்தபோது அவள் அழுது முடித்திருந்தாள். மாணவர் எவராலும் ஓர் எழுத்துக்கூட எழுத முடியவில்லை; அஞ்சல்களும் உள்ளே வரவில்லை. பொறியின் நிர்வாகியாகிய என்னால் மட்டும் வேலை செய்ய முடிந்தது. அதற்குக் காரணம் என் திறமை அன்று. அவ்வகைக் கோப்பு முறைமை, நிறுவும்போதே வட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்துவிடுகிறது. அந்த நான்கு ஜிகாபைட்தான் எனக்குக் கதவைத் திறந்துவிட்டது. பெருங்கோப்பைக் கண்டுபிடித்து அழித்தேன். அழித்த பிறகும் வட்டு நிறைந்தே இருந்தது! கோப்புகளின் அளவைக் கூட்டிப் பார்த்தால் பாதி வட்டு காலி. வட்டையே கேட்டால் நிறைந்திருக்கிறேன் என்கிறது. அரை மணி நேரம் திகைத்த பின்புதான் நினைவு வந்தது. யூனிக்ஸில் ஒரு கோப்பின் பெயரை அழித்துவிட்டாலும், ஏதேனும் ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும் வரையில் அதன் இடம் விடுபடுவதில்லை. நிற்காத அந்த நிரலை நிறுத்தினேன். இடம் உடனே திரும்பி வந்தது. ஆனால் நாற்பது பக்கம் திரும்பி வரவில்லை. என்னிடம் இருந்த காப்புநகல் எட்டு நாள் பழையது. அதில் இருபத்தாறு பக்கமே இருந்தது.

அன்று இரவு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட உட்கார்ந்தேன். ‘எதற்கு எவ்வளவு இடம்?’ என்றுதான் எல்லாரும் தொடங்குவார்கள். நானும் அப்படியே தொடங்கினேன். சிறிது நேரத்தில் அது இரண்டாம் கேள்வி என்பது புலனாயிற்று. முதற்கேள்வி வேறு: ‘இது நிறைந்தால் யார் தவிப்பார்?’ ஒரு பிரிவு என்பது ஒரு சுவர். சுவர் எழுப்புமுன், அது யாரிடமிருந்து யாரைக் காப்பதற்காக என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கேள்வியோடு மரத்தைச் சுற்றி வாருங்கள். ‘ஹோம்’ என்பது பயனர்களின் வீடுகள் அடங்கிய தெரு. அது நாளுக்கு நாள் வளரும். எவ்வளவு வளரும் என்று யாருக்கும் தெரியாது. ‘வார்’ என்பது பொறி தானாக எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு, வந்த அஞ்சல், அச்சுக்குக் காத்திருக்கும் தாள்கள் ஆகியவை தங்கும் இடம். எங்கோ ஒரு கருவி பழுதுபட்டு நொடிக்கு நூறு முறை முறையிடத் தொடங்கினால் நாட்குறிப்பு பெருத்துவிடும். நாட்குறிப்பு பெருத்து அஞ்சலைத் தடுக்கக் கூடாது என்றால், நாட்குறிப்பை அஞ்சலிலிருந்தும் பிரித்து வைக்க வேண்டும். ‘டெம்ப்’ என்பது சத்திரத்துத் திண்ணை போன்றது. யார் வேண்டுமானாலும் எதையும் வைக்கலாம். ஆகவே அங்கே எச்சரிக்கை வேண்டும். அதைத் தனிப் பிரிவாக ஒட்டுக்கட்டும்போது, ‘இங்குள்ள எந்தக் கோப்பையும் நிரலாக ஓடவிடாதே, எதற்கும் நிர்வாகியின் அதிகாரத்தைக் கொடாதே’ என்று விதி போட்டுவிடலாம். ஒரே பிரிவாக வைத்திருந்தால் திண்ணைக்கு மட்டும் தனி விதி போடுவது கடினம். எஞ்சியிருக்கும் ரூட், பொறி எழுந்து நிற்பதற்கு வேண்டிய அடிப்படை நிரல்களைக் கொண்டது. மற்றவை எல்லாம் நிறைந்தாலும் இது நிறையக் கூடாது.

இந்தக் கட்டத்தில் நான் மிகவும் மகிழ்ந்து போனேன். சுவர்கள் எழுப்பிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று எண்ணினேன். பிறகு ஒரு சந்தேகம் எழுந்தது. இந்தச் சுவர்கள் எல்லாம் அன்றைக்கே இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் நாற்பது பக்கம் பிழைத்திருக்குமா?

பிழைத்திருக்காது. அவளுடைய வீடும் அந்த மாணவனுடைய வீடும் ஒரே ஹோம் தெருவில் இருந்தன. அவன் கோப்பு தெருவை நிறைத்திருக்கும். அவள் எழுத இடமிருந்திருக்காது. பிரிவுகள் பொறியைப் பயனர்களிடமிருந்து காக்கும். பயனரைப் பயனரிடமிருந்து காக்கமாட்டா. அதற்குக் காவலர் வேண்டும். யூனிக்ஸ் உலகில் அவருக்குக் ‘கோட்டா’ என்று பெயர். கலிபோர்னியாவில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் 1983இல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. மாணவர்கள் நிறைந்த இடத்தில் அது தோன்றியது வியப்பன்று. ஒவ்வொரு பயனருக்கும் இரண்டு எல்லைகள் வைக்கலாம். முதல் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கையும் சில நாள் தவணையும். இரண்டாம் எல்லையைத் தாண்டவே முடியாது. எழுத முயலும் அவனுக்கு மட்டும் இடமில்லை என்று விடை வரும்; பக்கத்து வீட்டார் தூக்கம் கலையாது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 200 மாணவர்களுக்கு ஒரு பொறி. 1000 ஜிகாபைட் வட்டு. 32 ஜிகாபைட் நினைவகம் என்று வைத்துக்கொள்வோம். பொறி எழுவதற்கான சிறு பிரிவுக்கு 1, ரூட்டுக்கு 30, வாருக்கு நாட்குறிப்பையும் சேர்த்து 80, டெம்ப்புக்கு 20, ஹோமுக்கு 600. ‘ஸ்வாப்’ என்று ஒன்று உண்டு. அது மரத்தில் ஒட்டும் கிளை அன்று, நினைவகம் போதாதபோது அதன் பக்கங்களை இறக்கி வைக்கும் கிட்டங்கி. அதற்கு நினைவகத்தைப் போல் இரு மடங்கு வேண்டும் என்பது பழைய விதி. நினைவகம் சிறியதாக இருந்த காலத்து விதி அது. இப்போது 16 போதும் என்பேன். எல்லாம் சேர்ந்து 747 ஆகிறது. கோட்டாவின் முதல் எல்லை ஆளுக்கு 2½ ஜிகாபைட், இரண்டாம் எல்லை 2¾. இருநூறு பேரும் இரண்டாம் எல்லையைத் தொட்டாலும் 550தான் ஆகும், ஹோம் நிறையாது.

மிச்சம் 253 ஜிகாபைட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை எவருக்கும் கொடுக்கவில்லை. ‘கால் பங்கு வட்டை வீணாக வைப்பதா?’ என்று பலர் என்னிடம் சண்டை பிடித்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் பொங்குமாங்கடலைப் பற்றிச் சொல்வதுண்டு. பேரருவியின் நீர் உச்சியிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பாறையில் உள்ள ஆழமான ஒரு குழியில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பிறகுதான் வழிந்து வருகிறது. அந்தக் குழிக்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். அது இல்லாவிட்டால் பேரருவியில் எவரும் குளிக்க முடியாது. வெற்றிடம் செய்யும் வேலை அத்தகையது. 1984இல் பெர்க்கிலியின் மக்கூசிக்கும் அவர் நண்பர்களும் தங்கள் விரைவுக் கோப்பு முறைமையைப் பற்றி எழுதிய கட்டுரையில், வட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக் காலியாக வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். வட்டு நிறைய நிறைய, ஒரு கோப்பின் துண்டுகளை அருகருகே வைக்க இடம் கிடைக்காமல் பொறியின் வேகம் குறைந்து போகிறது என்பதே காரணம்.

காலியாக வைப்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு: என் கணக்கு தவறிப்போகும். எவருடைய கணக்கும் தவறும். பெல் ஆய்வுக்கூடத்தாருக்கே தவறியிருக்கிறது. 1971ஆம் ஆண்டு வாக்கில் அவர்கள் பி.டி.பி-11 பொறியில் வேலை செய்தபோது, வேருக்கு ஒரு சிறு வட்டு, பயனர்களின் கோப்புகளுக்கு வேறொரு வட்டு என்று வைத்திருந்தார்கள். பயனர்களுக்கான அந்தக் கிளைதான் ‘யூஎஸ்ஆர்’. முறைமை வளர வளர, வேரில் இடம் போதாமல், நிரல்கள் பயனர் வட்டுக்குக் குடிபெயர்ந்தன. பிறகு பயனர்கள் அங்கிருந்து வெளியேறி வேறிடம் தேடிக்கொண்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. அடிப்படை நிரல்கள் ஓரிடத்திலும் மற்ற நிரல்கள் யூஎஸ்ஆரிலும் என்ற பிளவுக்குப் பின்னாளில் பெரிய தத்துவங்கள் கற்பிக்கப்பட்டன. 2012இல் ஃபெடோரா லினக்ஸ் இரண்டையும் ஒன்றாக்கிற்று, ஏனையவையும் பின்தொடர்ந்தன. சில மெகாபைட் வட்டில் ஏற்பட்ட இட நெருக்கடி நாற்பது ஆண்டுக் காலம் உலகத்துப் பொறிகளில் நிழலாகத் தொடர்ந்ததை எண்ணிப் பாருங்கள். ஆகையால் பழைய நூல்களில் யூஎஸ்ஆருக்குத் தனிப் பிரிவு போடச் சொல்லியிருந்தால், அதை இன்று அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை.

சுவர் எழுப்புவதற்குச் செலவும் உண்டு. ஹோம் நிறைந்து மாணவர்கள் தவிக்கும்போது வாரில் 50 ஜிகாபைட் சும்மா கிடக்கும். எடுத்துக் கொடுக்க முடியாது. ஒரே பிரிவுக்குள் ஒரு கோப்பை இடம் மாற்றுவது பெயரை மாற்றி எழுதுவது போல் நொடியில் முடியும். பிரிவு விட்டுப் பிரிவு மாற்றினால், முழுவதையும் நகல் எடுத்துவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும். இந்தத் துன்பம் இப்போது குறைந்திருக்கிறது. வட்டுக்கும் பிரிவுக்கும் இடையே எல்.வி.எம். என்ற ஓர் அடுக்கை வைத்துக்கொள்ளலாம். லினக்ஸில் அது 1998இல் வந்தது. அந்த அடுக்கு இருந்தால், பொறியை நிறுத்தாமலே, கையிருப்பிலிருந்து எடுத்து ஒரு பிரிவைப் பெரிதாக்கலாம். பெரிதாக்குவது எளிது, சிறிதாக்குவது கடினம் என்பதை மறவாதீர்கள். எக்ஸ்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையைச் சுருக்க முடியாது என்றே கொள்ள வேண்டும், இ.எக்ஸ்.டி.4 என்பதைச் சுருக்கலாம், ஆனால் முதலில் அதை மரத்திலிருந்து கழற்ற வேண்டும். எனவே சிறிதாகக் கொடுத்துத் தொடங்குங்கள். அந்த 253ஐக் கைவசம் வைத்துக்கொண்டதன் பொருள் இதுதான்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். நான் அதில் விழுந்து எழுந்தவன். சில சமயம் வட்டில் பாதி இடம் காலியாக இருக்கும். ஆயினும் ‘இடமில்லை’ என்று பொறி சொல்லும். ஒவ்வொரு கோப்புக்கும் பதிவேட்டில் ஒரு வரி வேண்டும். அந்த வரிக்கு ‘ஐநோடு’ என்று பெயர். இ.எக்ஸ்.டி.4 போன்ற முறைமைகளில், பிரிவை உருவாக்கும்போதே எத்தனை வரிகள் என்பது முடிவாகிவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 16 கிலோபைட்டுக்கு ஒன்று. 20 ஜிகாபைட் பிரிவில் சுமார் 13 லட்சம். ஒவ்வொரு அஞ்சலையும் தனித்தனிச் சிறு கோப்பாக வைக்கும் இடத்தில் 13 லட்சம் தீர்ந்துபோவது அரிதன்று. களஞ்சியத்தில் இடம் இருக்கிறது. மூட்டையைப் பதிந்துகொள்ளப் பேரேட்டில் வரி இல்லை. சிறு கோப்புகள் மிகுதியாக வரும் பிரிவு எது என்று முன்பே தெரிந்தால், உருவாக்கும்போதே வரிகளைக் கூட்டி வைக்கலாம். பிறகு கூட்ட விரும்பினால் பிரிவையே பெரிதாக்க வேண்டும். இல்லையேல் அழித்துப் புதிதாகப் போட வேண்டும்.

வீட்டில் ஒருவரே பயன்படுத்தும் மடிக்கணினிக்கு இத்தனை ஏற்பாடும் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டாம். ஒரே பிரிவு போதும். காப்புநகலை மட்டும் தவறாமல் எடுங்கள். தனி வீட்டில் வாழ்பவன் திண்ணைக்குப் பூட்டுப் போட வேண்டியதில்லை.

அந்த மாணவி பதினான்கு பக்கங்களை மீண்டும் தட்டச்சு செய்தாள். கையெழுத்துப் படி இருந்ததால் பதினொரு நாளில் முடித்துவிட்டாள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பொறியை அழித்து, பிரிவுகளையும் கோட்டாவையும் வைத்துப் புதிதாக நிறுவினேன். அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை வேளையில், வேறொரு மாணவன் என் அறை வாயிலில் தயங்கி நின்றான்.

“சார், ராத்திரி ஒரு நிரல் ஓடவிட்டிருந்தேன். என் கணக்கில் இடமில்லை என்று நின்றுவிட்டது.”

“மற்றவர்கள் யாராவது ஏதாவது சொன்னார்களா?” என்று கேட்டேன்.

“இல்லையே சார்! அவர்களுக்கு என்ன?” என்றான்.